எழுபது வளைவு, இரண்டு பிரேக்!

என் மோட்டார் சைக்கிளில் இரண்டு பிரேக் இருக்கிறது என்ற விஷயம் எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அதில் ஒன்றை மட்டும்தான் நான் உபயோகித்து வந்திருக்கிறேன் என்ற விஷயம் கொல்லிமலையில்தான் தெரிந்தது. அதுவும் ஒரு பஸ்ஸுக்கு எதிரே!

கொஞ்சம் முன்கதை.

1996-ல் அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். துறையூர் பக்கம் ஒரு கிராமத்தில், பாதி ரோட்டை மறித்துச் சோளம் காயப்போட்டிருந்தார்கள். அப்பா அதன் மேலேயே வண்டியைத் திருப்பி, குறுக்கே வந்த ஆட்டுக்குட்டிக்காக முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தார். ஆட்டுக்குட்டி பிழைத்தது. அப்பாவுக்குக் காலர் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டோடு உட்கார்ந்து யோசித்தவர், எங்கள் குடும்பத்துக்கு ஒரு சட்டம் போட்டார்.

‘முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறத்தான் விழுவே. கால் பிரேக் ஒண்ணே போதும்.’

எனக்கு ஸ்கூட்டர் சொல்லிக் கொடுத்தபோது முதல் பாடமே இதுதான். வலது கை விரல் பிரேக் பக்கம் போனால் மண்டையில் ஒரு குட்டு விழும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சட்டம் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் பாதி அப்பாக்கள் எங்கேயோ சோளத்தில் விழுந்தவர்கள்தான்.

*

போன வருஷம் ஒரு க்ரூஸர் வாங்கினேன். செகண்ட் ஹாண்ட், 2014 மாடல். கம்பெனி பெயரைச் சொன்னால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார், வேண்டாம்.

க்ரூஸர் என்றால் தெரியுமில்லையா? ஈஸிசேருக்கு இரண்டு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். தாழ்வான சீட், நீட்டி முழக்கிய உடம்பு, கொம்பு மாதிரி ஹாண்டில்பார். காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு ஜமீன்தார் தோரணையில் போகலாம். நம் ஊரில் 2001-ல் எலிமினேட்டர், 2002-ல் தண்டர்பேர்டு, 2005-ல் அவெஞ்சர் என்று வரிசையாக வந்து, ஆபீஸ் போகிறவர்களின் முதுகு வலிக்கும் மனைவிமாரின் வயிற்றெரிச்சலுக்கும் தீர்வும் காரணமுமாக ஆன ஜாதி.

வாங்கின கையோடு, மச்சினன் ஆரம்பித்தான். இஞ்சினீயரிங் மூன்றாம் வருஷம். “மாமா, கொல்லிமலை போலாம். எழுபது ஹேர்பின் பெண்டு! க்ரூஸர் வெச்சுக்கிட்டு தில்லை நகர்லயே சுத்தினா எப்படி?”

மானப் பிரச்னை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினோம். மனைவி வாசல் வரை வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“என் தம்பியை முழுசாக் கொண்டு வந்து சேருங்க.”

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

குணசீலம், முசிறி, தொட்டியம் என்று காவிரியை ஒட்டிய ரோடு. வாழைத் தோப்பு வாசனை, ஜிலுஜிலு காற்று. நாமக்கல்லில் பதினெட்டு அடி ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு, நமக்கு நாலு இட்லி. ஊரெங்கும் லாரி, முட்டை, லாரியில் முட்டை. சேந்தமங்கலம் தாண்டிக் காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்தால் மலையடிவாரம். அங்கேதான் எழுபதும் ஆரம்பம்.

ஏறுவது ரொம்ப சுகம். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை. 1/70, 2/70 என்று பரீட்சை மார்க் மாதிரி ஏறிக்கொண்டே போகும். என் பி.காம் மார்க் ஷீட்டில்கூட இவ்வளவு தொடர்ச்சியான முன்னேற்றத்தை நான் பார்த்ததில்லை. கீழே வயல்கள் தபால் தலை சைஸுக்குச் சுருங்க, மேலே மிளகுக் கொடி, காபிச் செடி, பலா மரம் எல்லாம் வந்துவிடும்.

சோளக்காட்டில் பலாச்சுளை தின்றோம். செம்மேட்டில் வல்வில் ஓரியைப் பார்த்தோம். சங்க காலத்தில் இந்த மலையை ஆண்ட வள்ளல். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவனாகப் புறநானூறு பாடுகிறது.

“அந்த அம்புக்கு பிரேக்கே இல்லை போலிருக்கு மாமா” என்றான் மச்சினன்.

சிரித்தேன். ஐந்து மணி நேரம் கழித்து அந்த ஜோக் எனக்குப் பிடிக்காமல் போகப்போகிறது என்று அப்போது தெரியாது.

அறப்பளீஸ்வரரைத் தரிசித்து, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி, குளித்து, அதே ஆயிரத்துச் சொச்சத்தையும் ஏறி, முழங்கால் இரண்டும் ராஜினாமா கடிதம் கொடுத்த நிலையில் சாயங்காலம் மலை இறங்க ஆரம்பித்தோம்.

*

இங்கேதான் பி.காம் மூளை வேலை செய்தது. இறக்கத்தில் எதற்குப் பெட்ரோல்? வண்டி தானாகவே உருளும்போது இஞ்சினுக்கு ஏன் தீனி? நியூட்ரலில் போட்டேன். பூமித்தாய் இழுக்க, நான் கால் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே, பைசா செலவில்லாமல் பத்துப் பதினைந்து வளைவு இறங்கினேன். லாபக் கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு வாசனை. கருகின ரப்பரும் காய்ந்த இரும்பும் கலந்த மாதிரி.

“மாமா, யாரோ எதையோ எரிக்கிறாங்க.”

“மலைன்னா அப்படித்தான் மாப்ளே.”

எரிந்துகொண்டிருந்தது என் பின் பிரேக்! டிரம் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால், உள்ளே இருக்கும் லைனிங் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். டிரம்மும் சூட்டில் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். மிதிப்பீர்கள், மிதி உள்ளே போகும், வண்டி மட்டும் நிற்காது.

நாற்பத்துச் சொச்சமாவது வளைவு. கீழேயிருந்து ஒரு பஸ், வளைவு முழுவதையும் தனக்கே பட்டா போட்டுக்கொண்டு ஏறி வருகிறது. நான் மிதித்தேன். எழுந்து நின்று மிதித்தேன். ஊஹூம்! என் வலது கைக்குப் பக்கத்தில், பளபளவென்று, முழு ஆரோக்கியத்தோடு ஒரு டிஸ்க் பிரேக் இருந்தது. ஆனால் கை போகவில்லை சார். பதினைந்து வருஷக் குட்டு! உயிர் போகிற நேரத்தில்கூட விரல் அப்பாவுக்குப் பயந்தது.

வலது பக்கம் பாதாளம். இடது பக்கம் மலை. இடது பக்கமே போனேன். மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் முன் சக்கரம் இறங்கி, வண்டி சாய்ந்து, நாங்கள் இருவரும் மண்மேட்டில் ஒரு மாதிரி உட்கார்ந்தோம். பஸ் எங்களுக்கு மூன்று அடி தள்ளி நின்றிருந்தது.

மச்சினனைத் தடவித் தடவிப் பார்த்தேன். முழங்காலில் தோல் வழண்டிருந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல். மற்றபடி முழுசாக இருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவு வாயாடி, ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு என்னமோ பண்ணிற்று.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். திட்டுவார் என்று தயாரானேன். வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கைப் பிரேக்கு எதுக்கு தம்பி வெச்சிருக்காங்க, அழகுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

*

அரை மணி நேரம் வண்டியை ஆற விட்டு, முதல் கியரில் நத்தை மாதிரி இறங்கிக் காரவள்ளி வந்தோம். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். நாமக்கல் லாரியில் முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எங்கள் சட்டை மண்ணைப் பார்த்ததுமே கேஸ் என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஏனுங் தம்பி, நூட்ரல்ல உட்டீங்களா?”

“ஆமாங்கண்ணா.”

“அப்புறம் எப்படிங் நிக்கும்? எந்தக் கியருல ஏறுனீங்களோ அந்தக் கியருலதான் எறங்கோணும். இஞ்சினே பாதி வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்கு மிச்சத்துக்குத்தானுங்க. பத்து டன் லாரிக்கும் அதுதான் சட்டம், உங்க ரெண்டு சக்கரத்துக்கும் அதுதான் சட்டம்.”

முன் பிரேக் பற்றி அப்பாவின் சட்டத்தைச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. நிரம்பிய டீ கிளாஸை பெஞ்சின் மேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், டக்கென்று நிறுத்தினார். டீ முன்பக்க விளிம்பில் ஏறித் தளும்பிக் கொட்டியது.

“பாத்தீங்களா? நிறுத்துனா பாரமெல்லாம் முன்னாடி ஓடி வந்துரும். பின்னாடி ஒண்ணும் இருக்காது. பாரமில்லாத சக்கரத்தைப் புடிச்சு என்னங் பண்றது? வழுக்கத்தான் செய்யும்.”

அட! இது நம்ம டபுள் என்ட்ரி சிஸ்டம் ஆயிற்றே! பின் சக்கரக் கணக்கிலிருந்து பாரம் டெபிட், முன் சக்கரக் கணக்கில் கிரெடிட். பிடிமானம் என்பது பாரத்தைப் பொறுத்தது. பணம் இருக்கிற பாங்கில்தானே செக் பாஸாகும்? நான் பதினைந்து வருஷமாகக் காலி அக்கவுண்ட்டிலேயே செக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

“அப்ப முன் பிரேக் மட்டும் போதுமாங்கண்ணா?”

“அது பந்தய வண்டிக்காரன் பேச்சு. உங்க வண்டி நீட்டமா, தணிவா இருக்கு. நீங்களும் பின்னாடி தள்ளி உக்காந்திருக்கீங்க. இதுல பின் பிரேக்குக்கும் நல்ல வேலை இருக்குதுங்க. ரெண்டும் சேந்தே புடிக்கோணும். காலுல லேசா ஆரம்பிச்சு, கையில அழுத்தத்தக் கூட்டிக்கிட்டே போகோணும். எலுமிச்சம்பழம் புழியற மாதிரிங்க. ஈ அடிக்கற மாதிரி இல்ல.”

காசு கொடுத்தேன். டீக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி அத்தியாயம். அதை விடுங்கள். அடுத்த ஞாயிறு காலை, ஊருக்கு வெளியே விற்காத ப்ளாட்டுகள் உள்ள ஒரு லே-அவுட் ரோட்டுக்குப் போனேன். இந்த மாதிரி ரோடுகள் நம் நாட்டில் எதற்காகப் போடப்படுகின்றன என்று அன்றுதான் தெரிந்தது: பிரேக் பழகுவதற்காக!

சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டேன். 40 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டின் மேல் பிரேக் பிடித்து, நின்ற இடம் வரை தப்படி எண்ண வேண்டும். எண்ணுவது மச்சினன்.

கால் பிரேக் மட்டும்: 27 தப்படி. பின் சக்கரம் வேறு பாம்பு மாதிரி நெளிந்தது.

இரண்டும் சேர்த்து, எலுமிச்சம்பழம்: 14 தப்படி!

அதே வண்டி, அதே ஆள், அதே ரோடு. பாதி தூரம். அந்த மீதிப் பதின்மூன்று தப்படிக்குள் எத்தனை ஆட்டுக்குட்டிகள், எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு, லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஆபத்து நேரத்தில் பெரும்பாலான ஆட்கள் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்க விடுகிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிப்பதில்லை என்கிறது அது. அதாவது அமெரிக்காவிலும் அப்பாக்கள் சோளத்தில் விழுந்திருக்கிறார்கள்!

உங்களுக்காக என் நோட்டுப் புத்தகத்திலிருந்து நாலு வரி:

வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிமானம் சாய்வுக்கே செலவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஓவர் டிராஃப்ட்!

நடக்கிற வேகத்தில், ஹாண்டிலை ஒடித்து யூ டர்ன் போடும்போது மட்டும் முன் பிரேக் வேண்டாம். கனமான வண்டி அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்துவிடும். கால் பிரேக்கை லேசாகத் தொட்டபடி திருப்புங்கள். மணல், ஜல்லி, காயப்போட்ட தானியம் இவற்றின் மேலும் நேராகப் போய், பட்டும் படாமலும் பிடியுங்கள்.

முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் பூட்டி வண்டி கோணலாகத் திரும்பிவிட்டால் சட்டென்று விடாதீர்கள். டயர் திடீரென்று பிடித்து, ஆளைத் தூக்கி எறியும்.

2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சில வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் உண்டு. தவிர, பிரேக்கைப் பிடிக்கிற வேலையை ஏ.பி.எஸ். செய்யாது. அது நம் கைதான்.

*

இரண்டு மாதம் பழகிவிட்டு மறுபடி கொல்லிமலை போனோம். மச்சினன் வருவானா என்று சந்தேகமாக இருந்தது. அவனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

இறங்கும்போது இரண்டாவது கியர். இஞ்சின் ‘உர்ர்ர்’ என்று முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொண்டது. வளைவுக்கு முன்னால் கால், கை, இரண்டும் சேர்த்து ஒரு அழுத்து. விடு. திரும்பு. அடுத்தது. பலகையில் 70, 69, 68 என்று கௌன்ட் டவுன். அந்த நாற்பத்துச் சொச்சமாவது வளைவு வந்தபோது இருவருமே பேசவில்லை. எதிரே பஸ்ஸும் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

இருபதாவது வளைவில் பின்னாலிருந்து குரல்: “மாமா, தூக்கம் வருது.”

ஒரு டிரைவருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

காரவள்ளியில் பெரியவரைத் தேடினேன். பேத்தி கல்யாணத்துக்குச் சேலம் போயிருக்கிறாராம். டீ மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

*

மிச்சம் இருந்தது அப்பா. அறுபத்தெட்டு வயசில் இன்னும் ஸ்கூட்டரில் மார்க்கெட் போய் வருகிறார். நடந்ததெல்லாம் சொன்னேன். டீ கிளாஸ் பரிசோதனையையும் செய்து காட்டினேன். அம்மாவின் டேபிள் க்ளாத் பாழானதுதான் மிச்சம். “நீ விழுந்ததுக்கு நான் காரணமா?” என்று முறைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். முன் பிரேக் கேபிளைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், “என்ன சார், துருப்பிடிச்சு இறுகியே போச்சு. இதை யாருமே தொட்டதில்லையா?” என்றார்.

கேபிள் மாற்றி, அப்பாவை லே-அவுட் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். இருபது கி.மீ. வேகம்தான். முதல் இரண்டு தடவை விரல் லீவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அந்த விரலை நன்றாகத் தெரியும். மூன்றாவது தடவை மெதுவாக அழுத்தினார். ஸ்கூட்டர் முன்பக்கம் லேசாகக் குனிந்து, சமர்த்தாக, கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். காலர் எலும்பை ஒருமுறை தடவிக்கொண்டார்.

நாலாவது தடவைக்குக் கிளம்புமுன், “இரு இரு” என்று இறங்கி, கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்து போய், ரோட்டில் கிடந்த மணலையெல்லாம் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“இதையும் எழுது. பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி தரையைப் பாக்கணும்னு. நான் ஒண்ணும் முழுக்கத் தப்பாச் சொல்லலை.”

எழுதிவிட்டேன் அப்பா.